மாராவைக் கொன்றதால் புரட்சியின் ரத்தம் நின்றதா?

உங்கள் கேள்வி மூன்று துண்டாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது குளியல் தொட்டியில் கொல்லப்பட்ட ழான்-போல் மாரா பத்திரிகையாளரா, கொலைவெறியரா? அவரைக் குத்திய ஷார்லோட் கோர்தே ஒரு உயிரை எடுத்துப் பல ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றினாள் என்கிறார்களே, உண்மையா? கடைசியில் மாராவின் உடலைச் சாக்கடையில் வீசினார்களாமே? நடுவில் உள்ளதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். எழுத்தால் வன்முறையைத் தூண்டுகிறவரைக் கொன்றுவிட்டால் வன்முறை நின்றுவிடுமா என்பதுதானே அது? இல்லை என்பதுதான் என் பதில். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது, ஏனென்றால் மாரா தூண்டவில்லை என்று சொல்ல நான் வரவில்லை.

கல்லூரியில் நெடுங்காலம் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் நான். பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். மாராவின் பத்திரிகையையும் கோர்தேயின் விசாரணைக் குறிப்பையும் கடிதங்களையும் அச்சில் வந்த வடிவத்தில் படித்திருக்கிறேன். மூலக் கையெழுத்து ஆவணங்களைப் பிரித்துப் பார்த்து ஆய்வு செய்தவன் இல்லை. கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாமல் தெரிந்தவை. 1793 ஜூலை 9 அன்று நார்மண்டியின் கான் நகரிலிருந்து கோர்தே கிளம்பினாள். 11-ம் தேதி பாரிஸ் வந்து ஒரு விடுதியில் தங்கினாள். 25 வயது ஆக இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. நாடகாசிரியர் கொர்னேயின் வம்சாவளி, நொடித்துப்போன சின்னப் பிரபுக் குடும்பம், கன்னிமாடத்தில் படிப்பு. மாரா உறுப்பினராக இருந்த மக்கள் மன்றத்திலேயே, அதாவது நாட்டின் பிரதிநிதிகள் சபையிலேயே, எல்லாரும் பார்க்க அவரைக் குத்த வேண்டும் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். உடம்பு முடியாமல் அவர் மன்றத்துக்கு வருவதில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கே போக முடிவு செய்தாள். 13-ம் தேதி சனிக்கிழமை காலை பலே-ருவாயால் கடைவீதியில் கருப்புப் பிடி போட்ட ஒரு சமையல் கத்தியை 40 சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கொடுத்து வாங்கினாள். கொர்தெலியே தெருவில் மாராவின் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கானில் நடக்கும் சதியைப் பற்றிச் சொல்ல வந்திருப்பதாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டு மாலை ஏழு மணி தாண்டி மறுபடியும் போனாள். மாராவின் துணைவி சிமோன் எவ்ரார் அப்போதும் தடுத்தார். வாசலில் பேச்சு நீண்டது காதில் விழ, உள்ளே விடச் சொன்னவர் மாராவேதான்.

அவர் இருந்தது காலணி வடிவில் குறுகலாகச் செய்த ஒரு தொட்டி. தோல் நோயின் அரிப்பு தண்ணீருக்குள் இருந்தால்தான் கொஞ்சம் அடங்கும். தலையில் ஈரத்துணி, குறுக்கே பலகை, பலகைமேல் தாள்கள். அன்று அவர் பக்கத்தில் வைத்திருந்தவற்றில் தன் பத்திரிகையின் பழைய இதழ்கள் இரண்டும் இருந்தன. எண் 506-ம் 678-ம். ஒன்று 1791 ஜூனில் வந்தது, மற்றது 1792 ஆகஸ்டில். ரத்தம் தெறித்த அந்த இரண்டு இதழ்களையும் அவருடைய தங்கை அல்பெர்தீன் எடுத்து வைத்திருந்தார். இன்று அவை பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. தாளின் ஓரத்திலிருந்து பழுப்பாகப் பரவிய கறை, அதற்கு அடியில் இன்னும் படிக்க முடிகிற அச்சு எழுத்து. இணையத்தில் அதன் படம் கிடைக்கும், ஒருமுறை பாருங்கள். ஒரு ஆள் தன் பழைய எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

ஒரே குத்து. வலது காறை எலும்புக்குக் கீழே இறங்கி நுரையீரலைத் துளைத்து இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. சிமோனைக் கூப்பிட்டு ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். பத்திரிகை மடிக்கும் வேலை செய்த லொரான் பா என்பவர் நாற்காலியைத் தூக்கி அடித்துக் கோர்தேயைக் கீழே தள்ளினார். அவள் தப்பிக்கத் திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. பிரெஞ்சு மக்களுக்கு என்று எழுதிய ஓர் அறிக்கையையும் தன் ஞானஸ்நானச் சான்றையும் உடையிலேயே வைத்திருந்தாள். 17-ம் தேதி விசாரணை, அன்று மாலையே கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் மரண தண்டனை. "நூறாயிரம் பேரைக் காப்பாற்ற ஒருவனைக் கொன்றேன்" என்று தீர்ப்பாயத்தில் சொன்னாள். உங்கள் கேள்வியின் நடுத்துண்டு அந்த வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

இனி சந்தேகத்துக்கு இடமானவை. தொட்டி அருகே இருவரும் பேசியதற்குக் கோர்தே மட்டுமே சாட்சி. கானில் தங்கியிருந்த, மாராவை எதிர்த்த மிதவாத அணியான ஜிரோண்டின் பிரதிநிதிகளின் பெயர்களை அவள் சொல்லச் சொல்ல மாரா எழுதிக்கொண்டதாகவும், "சில நாளில் எல்லாரையும் கில்லட்டினுக்கு அனுப்புகிறேன்" என்று அவர் சொன்னதாகவும், அதைக் கேட்ட பிறகுதான் குத்தியதாகவும் அவளே சொன்னாள். மாரா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆனால் கத்தி வாங்கியது காலையில். அந்தப் பதில் வேறு மாதிரி வந்திருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது, அவளை யாராவது ஏவினார்களா என்பது. அரசு வழக்கறிஞர் ஃபூக்கியே-தென்வீல் அப்படித்தான் காட்டப் பார்த்தார். கானில் பார்பரூ என்ற ஜிரோண்டின் தலைவரை அவள் சந்தித்ததும், அவரிடமிருந்து பாரிஸில் இருந்த துப்பெரே என்ற பிரதிநிதிக்குக் கடிதம் கொண்டுவந்ததும் உண்மை. கொலையைப் பற்றி இவர்களில் யாருக்கும் முன்கூட்டித் தெரியும் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. துப்பெரேயிடம் அவள் கேட்டுக்கொண்டது பாரிஸை விட்டுக் கானுக்குப் போய்விடுங்கள் என்பதைத்தான். தனியாக யோசித்துத் தனியாகச் செய்தாள் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு, என் முடிவும் அதுதான். காதலனைக் கொன்றதற்குப் பழிவாங்கினாள் என்றொரு கதையும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஒரு பெண் அரசியல் காரணத்துக்காகவே கொலை செய்வாள் என்று நம்ப முடியாதவர்கள் கட்டிவிட்ட கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்தத் தோல் நோய். சொறி, தொழுநோய், சிபிலிஸ் என்று இருநூறு வருடமாக ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சில வருடங்களுக்கு முன் அந்த ரத்தக்கறையிலிருந்தே டிஎன்ஏ எடுத்து ஆராய்ந்தார்கள். சிபிலிஸ், தொழுநோய்க் கிருமிகளின் தடயம் இல்லை. மலசேசியா என்ற பூஞ்சையின் தடயம் இருந்தது. அதை வைத்து, செபொரிக் டெர்மட்டைடிஸ் என்று தோல் மருத்துவர்கள் சொல்லும் நோய் முற்றிப்போயிருக்கலாம் என்று யூகிக்கிறார்கள். பழைய தாளில் பிற்காலத்தில் படிந்த அழுக்கும் கலந்திருக்கலாம் என்பதால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் எத்தனை மாதம் வாழ்ந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜூன் தொடக்கத்துக்குப் பிறகு மன்றத்துக்கு அரிதாகவே போனார், வீட்டில் இருந்தே கடிதங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் உறுதி. கோர்தே கொன்றது அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஆளை அல்ல, மெல்ல ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நோயாளியை.

இப்போது அவருடைய எழுத்துக்கு வருவோம், இங்கேதான் அதிகம் நிதானம் வேண்டும். இன்றைய சுவிட்சர்லாந்தின் பூத்ரி ஊரில் 1743-ல் பிறந்தவர், தந்தை சார்தீனியாக்காரர். இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்தார். நெருப்பு, ஒளி, மின்சாரம் பற்றி ஆய்வு நூல்கள் எழுதினார், நியூட்டனின் ஒளியியலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அறிவியல் கழகம் அவருடைய கொள்கைகளை ஏற்காத கசப்பு கடைசிவரை போகவில்லை. 1789 செப்டம்பரில் பத்திரிகை தொடங்கினார், சில நாளிலேயே அதன் பெயர் 'மக்களின் நண்பன்' ஆனது. எட்டுப் பக்கச் சின்னத் தாள், கிட்டத்தட்ட முழுக்க அவரே எழுதியது. கைது ஆணைகள் வந்தன, அச்சகத்தைப் பறித்தார்கள், நிலவறைகளில் ஒளிந்தார், லண்டனுக்கு ஓடினார். பின்னாளில் சிமோன் தன் சேமிப்பைக் கொட்டித்தான் அச்சு ஓடியது. செத்தபோது வீட்டில் இருந்த பணம் 25 சூ மதிப்புள்ள ஒரே ஒரு காகித நோட்டு.

ஏழைகள் அவரை ஏன் நம்பினார்கள் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதே இல்லை. வரி கட்டுகிறவனுக்கு மட்டும் வாக்குரிமை என்று 1789-ல் முடிவானபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் அவர் ஒருவர். புரட்சியின் தொடக்ககாலத் தலைவர் மிராபோ அரசனிடம் பணம் வாங்குகிறார் என்றார், 1792 நவம்பரில் அரண்மனையின் இரும்புப் பெட்டகத்திலிருந்து அதற்கான காகிதங்கள் வெளியே வந்தன. அரசன் ஓடிவிடுவான் என்றார், 1791 ஜூனில் ஓடினான். தளபதி லஃபாயெத் துரோகம் செய்வார் என்றார், 1792 ஆகஸ்டில் படையை விட்டு எல்லை தாண்டினார். துமூரியே மீதும் சந்தேகப்பட்டார், அந்தத் தளபதி 1793 ஏப்ரலில் எதிரி பக்கம் போனார். இப்படி வரிசையாகப் பலித்தால் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிற ஒரு பெண் யார் சொல்வதை நம்புவாள்? அவர் எல்லார் மீதும் சந்தேகப்பட்டதால்தான் சில பலித்தன என்பதும் உண்மை. பலிக்காத குற்றச்சாட்டுகளின் பட்டியல் இதைவிட நீளம்.

ஆனால் அதே கைதான் 1790 ஜூலையில் எழுதியது, ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டியிருந்தால் உங்களுக்கு அமைதியும் சுதந்திரமும் கிடைத்திருக்கும் என்று. பிறகு அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1792 ஆகஸ்ட் 19 இதழில், ஆயுதத்தோடு அபே சிறைக்குப் போய்த் துரோகிகளை இழுத்துப்போட்டு வெட்டுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார். இரண்டு வாரம் கழித்து, பிரஷ்யப் படை நெருங்குகிற பீதியில், பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். கொலை நடந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 3 அன்று, மற்ற மாவட்டங்களும் இதையே செய்யட்டும் என்று போன சுற்றறிக்கையில் மாராவின் பெயரும் இருக்கிறது. அந்தப் படுகொலைக்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. அவர் எழுதாமல் இருந்தாலும் நடந்திருக்கலாம். ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள சிறையின் பெயரைச் சொல்லி, யாரைக் கொல்ல வேண்டும் என்றும் சொல்லி எழுதிய பத்திரிகையாளர் அவர். அது வெறும் கோப எழுத்து என்று என்னால் விட்டுவிட முடியாது. சிறைகளில் செத்தவர்களில் பெரும்பாலோர் அரசியலோடு தொடர்பில்லாத சாதாரணக் குற்றவாளிகள், பாதிரியார்களும் நிறையச் செத்தார்கள். பத்திரிகையாளரா, கொலைவெறியரா என்ற உங்கள் முதல் கேள்விக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பேன். உயிரைப் பணயம் வைத்து உண்மை எழுதியவரும் கொலைக்கு ஆள் கூட்டியவரும் ஒரே மனிதர்.

அவரைச் சட்டத்தின் முன் நிறுத்த வழியே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1793 ஏப்ரலில் அவர்மீது குற்றம் சாட்டினார்கள். மக்கள் பிரதிநிதிகளுக்கு இருந்த பாதுகாப்பு அந்த மாதத் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்தி ஜிரோண்டின்கள் அவரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 24 அன்று விடுதலை. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மன்றத்துக்குள்ளேயே வந்தது. தீர்ப்பாயத்தில் அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள், நியாயமான விசாரணை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எதிரிகள் திறந்த கதவு அவர்களுக்கே வினையானது. ஜூன் 2 அன்று ஆயுதம் தாங்கிய கூட்டம் மன்றத்தைச் சுற்றி வளைக்க, 29 ஜிரோண்டின் பிரதிநிதிகளைக் கைது செய்ய முடிவானது. அந்தப் பெயர்ப் பட்டியலில் சிலரைச் சேர்க்கவும் சிலரை நீக்கவும் சொன்னவர் மாரா. அதில் சிலர் தப்பிக் கானுக்கு ஓடினார்கள். அவர்களின் பேச்சைத்தான் கோர்தே அங்கே கேட்டாள். பாரிஸில் மாரா ஒருவரே எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறார், அவர் போனால் அமைதி வந்துவிடும் என்ற எண்ணம் தொலைவில் இருந்து பார்த்தவர்களின் எண்ணம்.

வந்ததா? மாரா சாகும்வரை பாரிஸ் புரட்சித் தீர்ப்பாயம் விதித்த மரண தண்டனைகள் நூறைத் தொடவில்லை. புரட்சி அரசு எதிரிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலத்தைப் பயங்கர ஆட்சி என்பார்கள், அது முடிவதற்குள் அங்கே மட்டும் ஏறக்குறைய 2,600 பேர். நாடு முழுக்க விசாரணையோடு கொல்லப்பட்டவர்களே பதினாறாயிரத்துக்கு மேல். கோர்தே காப்பாற்ற நினைத்த ஜிரோண்டின்களில் 21 பேர் அக்டோபர் 31 அன்று ஒரே நாளில் தலை இழந்தார்கள். துப்பெரேயும் அவர்களில் ஒருவர், அவள் கொண்டுவந்த கடிதம் அவருக்கு எதிரான சாட்சியானது. பார்பரூ அடுத்த ஆண்டு போர்தோவில் கில்லட்டினுக்குப் போனார்.

இதை வைத்து, கோர்தேதான் பயங்கர ஆட்சியைக் கொண்டுவந்தாள் என்று சொன்னால் அதுவும் தப்பு. மார்ச் மாதத்திலேயே மேற்கு பிரான்ஸின் வான்தேயில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ஜூலை கடைசியில் மைன்ஸ், வலான்சியன் கோட்டைகள் எதிரிப் படைகளிடம் விழுந்தன. ஆகஸ்டில் நம் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள், தூலோன் துறைமுகமும் அவர்களிடம் போனது. பாரிஸில் ரொட்டி இல்லை. மாரா உயிரோடு இருந்திருந்தாலும் அந்த இலையுதிர்காலம் ரத்தத்தில்தான் நனைந்திருக்கும். அவள் செய்ததால் மாறியது ஒன்று உண்டு: எங்கும் கொலையாளி ஒளிந்திருக்கிறான் என்ற பயத்துக்குக் கையில் பிடித்துக் காட்ட ஒரு சாட்சி கிடைத்தது. சட்டத்துக்கு வெளியே போகலாம் என்று சொன்னவர்கள் அதைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதுதான். உயிரோடு இருந்த மாராவோடு வாதாட முடிந்தது. அவர் சொன்னதை அவரே விளக்க வேண்டியிருந்தது, மன்றத்தில் அவரைப் பார்த்துக் கூச்சல் போட முடிந்தது. செத்த மாராவின் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள். புதைத்துச் சில நாள்கூட ஆகவில்லை, ஜாக் ரூ என்ற தீவிரவாதப் பாதிரியார் மாராவின் ஆவி எழுதுவதாகப் போட்டு அவர் பத்திரிகையைத் தொடர்ந்தார். இத்தனைக்கும் சாவதற்குச் சில நாள் முன்புதான் மாரா அந்த மனிதரைத் தாக்கி எழுதியிருந்தார். லெக்லேர் என்ற இன்னொருவர் 'மக்களின் நண்பன்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் 8 அன்று சிமோன் எவ்ரார் மன்றத்துக்கு வந்து இவர்கள் இருவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார், என் கணவர் எழுதாததை அவர் வாயில் திணிக்கிறார்கள் என்ற பொருள்பட. அந்த உரையையும் ஆட்சியில் செல்வாக்குப் பெற்றிருந்த ரோபஸ்பியர் தரப்பு தன் எதிரிகளை ஒடுக்கப் பயன்படுத்திக்கொண்டது. துக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் குரல்கூட அவருடையதாக இருக்க விடவில்லை.

ஓவியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாரா என்றாலே எல்லாருக்கும் நினைவு வருவது அதுதான். செத்துக் கிடக்கும் மாராவை வரைந்த தாவீத் அவருடைய நண்பர், மன்ற உறுப்பினர். கொலைக்கு முந்தைய நாள் நேரில் போய்ப் பார்த்தவர். தொட்டியில் இருந்தபடி எழுதிய நிலையும் பக்கத்தில் மை வைத்திருந்த மரக்கட்டையும் அவர் கண்ணால் கண்டவை. மற்றதில் பாதி கற்பனை. நோய் தின்ற தோலைப் பளிங்கு போல வழவழப்பாக்கிவிட்டார். கருப்புப் பிடி போட்ட கத்திக்கு வெள்ளைப் பிடி வந்துவிட்டது. மாராவின் கையில் அவர் பிடித்திருப்பதாகக் காட்டும் கடிதத்தில், நான் துன்பப்படுகிறேன் என்பதே உங்கள் கருணையைப் பெறப் போதும் என்று எழுதியிருக்கும். கோர்தே மாலையில் எழுதி வைத்திருந்த இரண்டாவது கடிதத்தில் இதைப் போன்ற வரி உண்டு, ஆனால் அது மாரா கைக்குப் போய்ச் சேரவே இல்லை, அவளிடமே இருந்தது. உண்மையில் அவருக்குப் போன கடிதம் சதியைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று ஆசை காட்டியது. அதை அப்படியே வரைந்தால் உளவுத் தகவலுக்காகக் கதவைத் திறந்த அரசியல்வாதி தெரிவார். தாவீத் வரைந்தபடி பார்த்தால் ஏழைப் பெண்ணுக்கு இரங்கிக் கதவைத் திறந்த புனிதர் தெரிகிறார். மாபெரும் ஓவியம், பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சாட்சியாக மட்டும் கூப்பிடாதீர்கள்.

சாக்கடைக் கதைக்கு வருகிறேன். ஜூலை வெயிலில் உடல் வேகமாகக் கெட்டதால் 16-ம் தேதி இரவே கொர்தெலியே தோட்டத்தில் புதைத்தார்கள். 1794 செப்டம்பர் 21 அன்று பெரும் ஊர்வலமாக, நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள். ரோபஸ்பியர் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அப்போதும் மாராவின் பெயர் செல்லுபடியானது. அதே நாளில் மிராபோவின் எச்சங்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. 1795 பிப்ரவரியில் காற்று மாறியதும் மாராவையும் வெளியே எடுத்தார்கள். சாக்கடையில் வீசப்பட்டவை அவருடைய மார்பளவுச் சிலைகள்தான். புரட்சிக்கு எதிரான வசதியான வீட்டு இளைஞர்கள் நாடக அரங்குகளில் இருந்த சிலைகளை உடைத்து மோன்மார்த்ரு சாக்கடையில் போட்டார்கள், அது வாய்வழியாகப் பரவி உடலையே வீசியதாக மாறிவிட்டது. உடலை பாந்தியோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சேந்-எத்தியேன்-துய்-மோன் தேவாலயத்தின் கல்லறையில் புதைத்தார்கள்.